பகுதி 43-இல் எண்ணிக்கை மாறாதது குறித்து

ஐயா,
போன கணக்கெடுப்பில் கைதவிளையில் அறுநூற்றுப் பதினொரு பேர்.
இந்த முறையும் அறுநூற்றுப் பதினொன்று.
"பழைய தாளைப் பார்த்து எழுதினீர்களா?" என்று
சிவப்பு மையில் கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. நடந்தேன்.

வடக்கே மலை.
மழை அங்கிருந்து இறங்குகிறதா, அங்கே ஏறுகிறதா
என்பதில் ஊரில் இரண்டு கட்சி.
ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று,
இரண்டுக்கும் ஒழுகுவது ஒரே ஓடு.
கடல் தெரியாது. ஆனாலும் ஒன்பது மணிக்கு
இனயத்திலிருந்து ததேயுவின் ஸ்கூட்டர் சாளையோடு வந்துவிடும்.
தினமும் வருகிற மனிதர். அவரை எண்ணவில்லை.
விதி அப்படி.

நீங்கள் தந்த வரைபடத்தில் நீலம் தீட்டிய குளத்துக்குள்
கால் நனையாமல் நடந்து போனேன்.
கொடி கட்டி ரப்பர் ஷீட் காயப்போட்டிருக்கிறார்கள்.
ஊருக்குப் பெயர் தந்த கைதை
அதன் கரையில்தான் நின்றதாம்.

ஐம்பத்தெட்டு பேர் இறந்துவிட்டார்கள்,
நல்லமிளகு பறிக்க ஏறியவர் ஒருவர் உட்பட.
தொண்ணூற்றேழு பேர் போய்விட்டார்கள்:
குவைத், மார்த்தாண்டம், கட்டிக்கொடுத்த இடங்கள்.
பூட்டிய வீடுகள் எட்டு.
ஒன்றில் ஆளில்லாமல் மோட்டார் ஓடுகிறது.
மஸ்கட்டில் இருந்துகொண்டு ஞானதாஸ்
போனைத் தட்டி வாழைக்கு வெள்ளம் விடுகிறார்.
அவரை எப்படி எழுதுவது? எழுதவில்லை.
வாழை நன்றாக இருக்கிறது.

குறைந்தது நூற்றைம்பத்தைந்து.

பிறந்தது எழுபத்தொன்று.
கல்யாணம் முடித்து வந்தவர்கள் நாற்பத்தொன்று.
எஸ்டேட் ஷெட்டில் முப்பத்தொன்பது பேர்,
குந்தியிலிருந்து, ரயிலில் மூன்று நாள்.
புத்ராம் முண்டா பால் வெட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
தாய்மொழி கேட்டேன். சொன்னார்.
மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னார்.
"முந்திரியா?" என்றாள் பக்கத்து வீட்டு சரோஜாபாய்.
மூன்றாம் தடவை அவர் அசை பிரித்துச் சொல்ல
முண்டாரி என்று எழுதினேன்.
எழுத்துப்பிழை இருந்தால் என்னுடையது.

இன்னும் நான்கு குறைகிறது.
அது தங்கய்யன் வீடு.

ஐம்பத்தாறு நவம்பரில் போட்ட கோடு
அந்த வீட்டுக்குள் போகிறது.
"அப்பன் ராத்திரி திருவிதாங்கூர்-கொச்சியில படுத்தாரு,
காலத்த எழும்பினது தலை மதராஸ் ராஜ்யத்தில, காலு பழைய எடத்தில.
பாயி அனங்கேல்ல, கேட்டியளா" என்றார்.
அடுப்பு எரிகிற இடமே குடும்பம் இருக்கும் இடம்
என்று பயிற்சியில் சொன்னீர்கள்.
போன முறை அடுப்பு அந்தப் பக்கம்.
போன துலாமழையில் அடுக்களைச் சுவர் இடிந்தது.
புதியதை இந்தப் பக்கம் எடுத்தார்கள்.
வாஸ்து இல்லை. செங்கல் இறக்கியது இங்கே.
நான்கு பேர் மாநிலம் மாறியது அப்படித்தான்.

கேரளத்துக் கணக்கெடுப்பாளர் பிந்து டீச்சரும்
அதே நேரம் மேற்கு வாசலில் வந்து நின்றார்.
ரத்தினபாய் மரச்சீனி அவித்து வைத்தார், மீன்கறியும்.
அவர் நான்கை அடித்தார், நான் நான்கை எழுதினேன்.
இருவரும் கை கழுவியது அவர்கள் பக்கத்துப் பைப்பில்.

ஆக, கூட்டினாலும் கழித்தாலும் அறுநூற்றுப் பதினொன்று.
பழைய தாளிலும் புதிய தாளிலும் இருப்பவர்கள்
நானூற்றைம்பத்தாறு பேர்.
அதில் நானும் உண்டு.
என் வீட்டுத் தாளுக்கு நானே கேட்டு நானே பதில் சொன்னேன்.
வயதுக்கு நேரே கொஞ்சம் நின்றேன்,
பிறகு உள்ளதை எழுதினேன்.

செருப்பு வார் ஆனைத்தோட்டில் அறுந்தது.
அதற்கு நீங்கள் விளக்கம் கேட்கவில்லை.
நடைபடி பாக்கி இன்னும் வரவில்லை
என்பதையும் இதே கடிதத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ச. எஸ்தர் கனகம்,
இடைநிலை ஆசிரியை,
விளவங்கோடு தாலுகா.